பத்தாம் நம்பர் பூட்ஸ்

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே
தார் ரோடு உப்புக்குள் போய் முடிகிற இடத்தில்
ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு நிற்பேன்.
எட்டுப் பேருக்கு மேல் அனுமதியில்லை.
சென்ட் கூடாது. சிவப்புச் சட்டை கூடாது.
போன் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும்.
வனத்துறை தந்த அட்டையில்
கோட்டீஸ்வரி என்கிற என் பெயரைக்
கோடீஸ்வரி என்று அடித்துவிட்டார்கள்.
நாள் கூலி நானூற்றைம்பது.
வருகிறவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள்,
நடை நல்லபடியாகத் தொடங்கிவிடும்.

ஆறு இப்போது கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.
இன்னும் இரண்டு மணி நேரம் வற்றம்.
பிறகு கடல் இங்கே வரும்.
அதற்கு மட்டும் அனுமதிச்சீட்டு கிடையாது.

இது வெண்கண்டல். இலையை நக்கிப் பாருங்கள், கரிக்கும்.
அது தில்லை. அதைத் தொடவே வேண்டாம்,
பால் தெறித்தால் கண் போகும்.
சேற்றில் கண்ணை மட்டும் வெளியே வைத்திருப்பது மீன்தான்,
நடக்கும், தாவும், சண்டை போடும்.
அதோ கூழைக்கடா. எண்ணுங்கள். நாற்பத்தொன்று.
அக்கரையில் ஆந்திரக்காரர்களும் எண்ணிக்கொண்டிருப்பார்கள்
அதே நாற்பத்தொன்றை.
இரண்டு மாநிலத்திலும் ரேஷன் கார்டு உள்ள ஜீவன் அது ஒன்றுதான்.

"அதி ஏமண்டி?"
சூலூர்பேட்டையிலிருந்து வந்தவர், ராக்கெட் ஆபீஸ்.
தொலைநோக்கியை இறக்காமல் கேட்டார்.
"தண்ணியில ஒரு தலை."

எட்டு ஜோடிக் கண்ணும் அந்தப் பக்கம் திரும்பின.
உட்கார்ந்தால் கழுத்தளவு நீர்.
பல்லில் கவ்விய கயிறு, அதில் தொங்கும் பறி.
கை தெரியாது.
கை அடியில் சேற்றைத் தடவிக்கொண்டிருக்கும்.
செஞ்சம்மா. என்னைவிட ஒரு வயது மூத்தவள்.
உள்ளே இறங்கினால் ஐயாயிரம் என்று எழுதிய பலகை
அவளுக்குப் பின்னால் இருபது முழத்தில்.

"நீர்க்காகம்" என்றேன்.
"இவ்வளவு பெரிசா?"
"பெட்டை சார். கிட்டப் போனா முங்கிரும்."
அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்:
நீர்க்காகம், பெட்டை, ஒன்று.
தாம்பரத்து அம்மா ஒருத்தர் மட்டும்
தண்ணீரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்,
மறுபடி தண்ணீரை.
மூக்கும் நெற்றியும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான்.
பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்,
நெடுநேரம் துடைத்தார்.

பலகைப் பாதை முடிகிற இடத்தில்
சாக்கிலிருந்து பூட்ஸைக் கொட்டுவேன்.
ஆறு முதல் பத்துவரை எல்லா நம்பரும் உண்டு.
சேற்று நடை என் யோசனை.
ரேஞ்சர் மெச்சினார், அறிவிப்பில்கூடச் சேர்த்துவிட்டார்.
முழங்கால் வலிக்கு நல்லது என்று சொல்லி வைத்திருக்கிறேன்,
யாரும் இதுவரை மறுக்கவில்லை.
"அழுத்தி மிதிங்க. நிதானமா.
ஒருத்தர் தடத்துல ஒருத்தர் வைக்காதீங்க.
இடம் விட்டு, இடம் விட்டு."
சேறு காலைப் பிடித்து வைத்து, யோசித்து, விடும்.
தாம்பரத்து அம்மாதான் முதலில் இறங்கினார்.
நான் சொல்லாமலே
ஒவ்வோர் அடியையும் திருகித் திருகி எடுத்தார்.

எட்டரைக்கு அவர்கள் வேன் ஏறிவிட்டார்கள்.
நான் பூட்ஸ் கழுவிக்கொண்டிருக்கும்போது நீர் திரும்பியது.
எப்போதும் சத்தமில்லாமல்தான் திரும்பும்,
முதலில் தடங்களில்தான் நிரம்பும்.
ஏறுகிற நீரில் இறாலுக்கு ஒதுங்க ஒரு பள்ளம் வேண்டும்.
மாட்டுக் குளம்போ மனுஷக் குதிகாலோ, அது கேட்காது.
முன்பெல்லாம் நாங்களே பின்பக்கமாக நடந்து
மிதித்து வைப்போம்.
எங்கள் கால் சின்னது, ஆறாம் நம்பர்கூடக் கழன்று விழும்.
தடத்துக்கு ஒன்று கிடைத்தால் அதிகம்.

பலகைக்கு அந்தப் பக்கம்
செஞ்சம்மா குனிந்து வந்துகொண்டிருந்தாள்,
எட்டுப் பேர் போன வழியில்,
ஒவ்வொரு தடத்துக்குள்ளும் இரண்டு கையையும் விட்டு.

இரவு போன் செய்தாள். ஒன்றேகால் கிலோ.
பிறகு கேட்டாள்:
"அந்தப் பெருங்காலன்
அடுத்த வாரமும் வருவானாடி?"